தாதாசாகேப் பால்கே: சலனப்படத்தில் ஸ்வதேசி கண்ட பெரியார்

ஒரு தேசம் அடிமைத்தளையை அறுக்க முற்படும் காலத்தில், அத்தேசத்தார் எல்லோரும் மேடையேறிப் பிரசங்கம் செய்வதில்லை. சிலர் சிறை புகுகின்றனர்; சிலர் பத்திரிகை நடத்துகின்றனர்; சிலர் நெசவாலை நாட்டுகின்றனர்; சிலர் கப்பல் விடுகின்றனர். இன்னும் சிலரோ, அதுவரையில் அந்நியர் கையில் மட்டுமே இருந்த ஒரு தொழிலைத் தாமே கற்றுவந்து, தாய்நாட்டு மண்ணில் வேரூன்றச் செய்து, அதன் பலனைப் பிறர் அனுபவிக்க விட்டு மறைகின்றனர். இக்கடைசி வகுப்பைச் சேர்ந்தவர் துண்டிராஜ் கோவிந்த பால்கே. தாதாசாகேப் என்று மகாராஷ்டிர மக்கள் அன்புடன் அழைத்த அப்பெரியாரின் சரித்திரத்தை நமது நேயர்கள், சிறப்பாகப் பொதுவாழ்வில் ஈடுபட்டுள்ள இளைஞர்கள், அறிந்திருத்தல் அவசியமென்று கருதுகிறோம்.

சினிமாவின் பலத்தைத் தமிழ்நாட்டாருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. திரையில் தோன்றியவர்களையும் திரைக்கு எழுதியவர்களையும் முதன் மந்திரிகளாக்கிய ராஜ்யம் இது. நிழலில் அமர்ந்திருப்பவர்களுக்கு மரத்தை நட்டவன் நினைவு எளிதில் வருவதில்லை. மூலதனமின்றி, சர்க்கார் ஆதரவின்றி, கற்பிக்க ஓர் ஆசிரியருமின்றி ஒரு மனிதர் இக்காரியத்தை எவ்வாறு சாதித்தார்? சாதித்த பின் அவருக்கு நேர்ந்ததென்ன? இவ்விரண்டு கேள்விகளையுமே இங்கு ஆராயப் புகுகிறோம்.

பால்கே 1870-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி, கோதாவரி உற்பத்தியாகும் புண்ணிய ஸ்தலமாகிய திரியம்பகேசுவரத்தில் பிறந்தார். தந்தை சம்ஸ்கிருத பண்டிதர். அவருக்குப் பம்பாய்க் கலாசாலை ஒன்றில் உபாத்திமைத் தொழில் கிட்டவே, குடும்பம் அந்நகரில் குடியேறியது. வைதிகக் கல்வியிலேயே வளர்ந்திருக்க வேண்டிய பிள்ளைக்குச் சித்திரத்தில் மனம் சென்றது. 1885-ல் பம்பாய் ஜே. ஜே. கலைப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் பரோடாவிலுள்ள கலாபவனத்தில் வர்ணச் சித்திரம், போட்டோ பிடித்தல் முதலிய பல வித்தைகளைக் கற்றார். இடையில் ஜாலவித்தையையும் பயின்று, தம் பெயரின் எழுத்துக்களைத் திருப்பிப் போட்டு, புரொபஸர் கெல்பா என்ற பெயரில் சபையோர் முன் காட்டியும் வந்தார். ஒரு தொழிலில் நிலைத்து நில்லாதவர் என்று சுற்றத்தார் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் சித்திரக்காரனின் கண்ணும், போட்டோக்காரனின் ரஸாயன அறிவும், ஜாலக்காரனின் கைத்திறனும் ஒருவரிடத்தில் ஒன்றுகூட வேண்டிய தொழில் ஒன்று உலகில் அப்பொழுதுதான் பிறந்துகொண்டிருந்தது.

அவருடைய இளமை வாழ்வு சுகமானதன்று. கோத்ராவில் போட்டோ ஸ்தாபனம் வைத்திருந்த காலத்தில் பிளேக் நோய்க்கு மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்தார். 1902-ல் மறுமணம் செய்துகொண்டார். சரஸ்வதிபாய் என்ற அம்மாதரசியைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்லுவோம். 1903-ல் புதைபொருள் ஆராய்ச்சி இலாகாவில் உத்தியோகம் கிடைத்தது. சர்க்கார் சம்பளம், நிச்சயமான வாழ்வு. ஆனால் 1905-ல் கர்சான் பிரபு வங்காளத்தைத் துண்டாடியதும், ஸ்வதேசிக் கனல் நாடெங்கும் மூண்டது. அக்கனல் பட்ட பால்கே உத்தியோகத்தை உதறிவிட்டு, லோணாவளாவில் அச்சுத்தொழில் தொடங்கினார். ரவிவர்மாவின் சித்திரங்களை அச்சிடும் வேலையும் அவருக்குக் கிடைத்தது. பின்னர் கூட்டாளிகளுடன் பம்பாயில் லக்ஷ்மி அச்சுக்கூடத்தை நிறுவி, 1909-ல் வர்ண அச்சு யந்திரங்களுக்காக ஜெர்மனிக்கும் சென்று திரும்பினார். கூட்டாளிகளுடன் மனஸ்தாபம் மூண்டது; தாம் வளர்த்த ஸ்தாபனத்திலிருந்து வெறுங்கையோடு வெளியேறினார். வயதோ நாற்பதைத் தாண்டிவிட்டது.

அக்காலத்தில் நம் நாட்டில் சலனப்படத்தின் நிலைமை என்ன? 1896-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி, பம்பாய் வாட்ஸன் ஹோட்டலில் பிரெஞ்சு தேசத்து லூமியேர் சகோதரர்களின் படங்கள் காட்டப்பட்டன. அதற்குப்பின் பம்பாயில் பாட்வடேகரும் கல்கத்தாவில் ஹீராலால் சென்னும் சிறு காட்சிகளைப் படம்பிடித்ததுண்டு. 1912-ல் தோர்ணே என்பவரின் 'ஸ்ரீ புண்டலிக்' வெளிவந்தது. ஆனால் அது மேடை நாடகமொன்றைப் படம்பிடித்தது; காமிராவை இயக்கியவர் ஆங்கிலேயர்; படம் கழுவப்பட்டதும் லண்டனில். மற்றபடி, கொட்டகைகளில் ஓடியவை யாவும் மேனாட்டுச் சரக்கே. நமது ஜனங்கள் காசு கொடுத்துப் பிறர் தேசத்தையும் பிறர் வாழ்க்கையையும் பார்த்து மகிழ்ந்து வந்தனர். மான்செஸ்டர் துணிக்குச் சொன்ன நியாயம் இதற்கும் பொருந்துமென்று யாரும் அப்பொழுது நினைக்கவில்லை.

1911-ஆம் ஆண்டு ஈஸ்டர் பண்டிகைக் காலத்தில், பம்பாய் கிர்காமிலுள்ள கொட்டகையொன்றில் பால்கே ஏசுநாதரின் சரித்திரத்தைத் திரையில் கண்டார். அக்காட்சி அவரை ஆட்கொண்டது. கண்ணெதிரே கிறிஸ்து நடமாட, அவருடைய மனக்கண் முன் கிருஷ்ணனும் ராமனும் கோகுலமும் அயோத்தியும் தோன்றின. நம் தேசத்துப் பிள்ளைகள் நமது தெய்வங்களைத் திரையில் காணும் நாள் வருமா என்ற ஏக்கம் பிடித்துக்கொண்டது. அதுமுதல் பம்பாயில் ஓடிய படங்களையெல்லாம் விடாது பார்த்தார். புஸ்தகங்களை வாங்கிப் படித்தார். இரவு பகலாக ஆராய்ந்தார். தூக்கமின்மையாலும் ஓயாத உழைப்பாலும் கண்ணொளி மங்கி, சிலகாலம் பார்வையே இழந்தார். வைத்தியத்தால் பார்வை மீண்டது. ஆசையோ ஒருநாளும் மங்கவில்லை.

லண்டனுக்குச் சென்றுதான் இத்தொழிலின் மர்மத்தை அறிய முடியுமென்று கண்டார். கையில் பணமில்லை. ஆயுள் இன்ஷூரன்ஸ் பத்திரங்களை ஈடுவைத்துக் கடன் வாங்கி, 1912 பிப்ரவரியில் கப்பலேறினார். அறிமுகம் ஒன்றுமில்லாத அந்நகரில், 'பயாஸ்கோப்' என்ற சினிமாப் பத்திரிகையின் காரியாலயத்துக்குள் நேரே நுழைந்து ஆசிரியரைக் கண்டு பேசினார். இத்தொழிலில் இறங்க வேண்டாமென்றே அவர் முதலில் புத்தி சொன்னார். பால்கேயின் உறுதியைக் கண்டபின், தக்க யந்திரங்களை வாங்க உதவியதோடு, செசில் ஹெப்வொர்த் என்ற புகழ்பெற்ற படமுதலாளியிடமும் அறிமுகம் செய்துவைத்தார். ஹெப்வொர்த் தம் ஸ்டூடியோவைத் திறந்து காட்டினார். இரண்டே மாதங்களில், வில்லியம்ஸன் காமிரா ஒன்றோடும், பிலிமில் துளையிடும் கருவியோடும், கச்சா பிலிமுக்கான ஏற்பாட்டோடும் பால்கே ஊர் திரும்பினார். அந்நிய ஆட்சியை எதிர்ப்பவன் அந்நியனின் வித்தையைக் கற்க வெட்கப்பட வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் காண்பதரிது.

யந்திரம் வந்தது, மூலதனம் வரவில்லை. பணமுள்ளவர்களை நம்பவைக்க அவர் கையாண்ட உபாயம் குறிப்பிடத்தக்கது. ஒரு தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றி, அது முளைத்துக் கொடியாக வளருவதைத் தினந்தோறும் சிறிது சிறிதாகப் படம்பிடித்தார். பல நாட்களில் நிகழ்ந்த வளர்ச்சி திரையில் கண்மூடித் திறக்கும் நேரத்தில் நிகழ்ந்தது. கண்டவர்கள் பிரமித்துக் கடன் கொடுக்க முன்வந்தனர். அதுவும் போதாமையால் சரஸ்வதிபாயின் நகைகள் அடகுக்குப் போயின.

முதற் படத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த கதை ஹரிச்சந்திரன் சரித்திரம். சத்தியத்துக்காக நாட்டையும் மனைவியையும் மகனையும் இழந்து சுடலை காத்த மன்னன் கதையை அறியாத இந்தியன் இல்லை. ஊமைப்படத்தில் பாஷை தெரியாத குறையை அக்கதையே நிரப்பிவிடும். ஆனால் நடிகர்கள் கிடைப்பது பெரும்பாடாயிற்று. சினிமாவில் நடிப்பது மானக்கேடு என்று கருதப்பட்ட காலம் அது. வேலைக்கு வந்தவர்கள் பிறர் கேட்டால் ஹரிச்சந்திரன் பாக்டரியில் உத்தியோகம் என்று சொல்லிக்கொள்ள ஏற்பாடாயிற்று. பெண் வேஷத்துக்கு ஒரு பெண்ணும் முன்வரவில்லை. சமூகம் ஒதுக்கிவைத்த வகுப்பைச் சேர்ந்த பெண்களுங்கூட மறுத்துவிட்டனர். முடிவில், ஹோட்டல் சமையற்காரராக இருந்த சாளுங்கே என்ற இளைஞர் தாராமதியானார். தாப்கே என்பவர் ஹரிச்சந்திரன். பால்கேயின் மகன் பாலசந்திரனே லோகிதாசன். நண்பர் தேலங்குக்குக் காமிரா இயக்கக் கற்றுக்கொடுத்தார். கதை அமைத்தல், காட்சிச் சித்திரம் எழுதுதல், நடிப்புக் கற்பித்தல், படம் கழுவுதல், வெட்டி ஒட்டுதல் யாவும் பால்கேயின் பொறுப்பு.

இங்கு சரஸ்வதிபாயைப் பற்றிச் சொல்லாமல் மேற்செல்லுவது அநீதியாகும். வந்து சேர்ந்த பிலிமில் ஓரத் துளைகள் இல்லை. இருட்டறையில் அமர்ந்து, கையால் தடவிப் பார்த்துப் பல்லாயிரம் துளைகளையும் இட்டவர் அவ்வம்மையார். ரஸாயனக் கலவைகளைச் சேர்த்தார். படங்களைக் கழுவ உதவினார். படப்பிடிப்பின்போது வெள்ளைத் துணியை வெயிலில் பிடித்து நின்று நடிகர் முகத்தில் ஒளி பாய்ச்சினார். அத்துடன் வேலைசெய்த அத்தனை பேருக்கும் தினந்தோறும் சமைத்தும் போட்டார். இந்திய சினிமாத் தொழிலின் முதல் தொழிலாளி யார் என்று கேட்டால், நகைகளையும் இழந்து கூலியும் பெறாத இப்பெண்மணியையே நாம் சுட்டுவோம். சரித்திரக்காரர்கள் பால்கேயைத் தந்தை என்கிறார்கள். தாய் ஒருத்தி இருந்தாள் என்பதையும் அவர்கள் எழுத வேண்டும்.

ஏறக்குறைய ஏழு மாத உழைப்பில், 3,700 அடி நீளமுள்ள 'ராஜா ஹரிச்சந்திரா' தயாராயிற்று. 1913-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் தேதி பிரமுகர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் காட்டப்பட்டு, மே 3-ஆம் தேதி பம்பாய் காரனேஷன் கொட்டகையில் பொது ஜனங்களுக்குத் திறக்கப்பட்டது. பம்பாய் நகரம் ஆதரித்தது. சூரத்தில் வேறு அனுபவம். இரண்டணாவுக்கு ஆறுமணி நேரம் நாடகம் பார்த்துப் பழகிய ஜனங்கள், மூன்றணா கொடுத்து ஒன்றரை மணி நேரப் படம் பார்ப்பானேன் என்று ஒதுங்கி நின்றனர். பால்கே சளைக்கவில்லை. ஐம்பத்தேழாயிரம் போட்டோக்கள், இரண்டு மைல் நீளப் படம், எல்லாம் மூன்றே அணாவுக்கு என்ற பொருளில் விளம்பரம் செய்தார். கூட்டம் திரண்டது. தமது ஜனங்களின் மனப்போக்கை அவர் எவ்வளவு அறிந்திருந்தார் என்பதற்கு இது சான்று.

அதே ஆண்டில் அவர் தொழிலை நாசிக்குக்கு மாற்றிக்கொண்டார். அங்கு எடுத்த 'மோகினி பஸ்மாசுர்' படத்தில் துர்காபாய் காமத்தும் அவருடைய மகள் கமலாபாயும் நடித்தனர். இந்தியத் திரையில் பெண்கள் தோன்றியது அதுவே முதல். 1914-ல் மீண்டும் லண்டன் சென்று தம் படங்களைக் காட்டினார். அங்குள்ளோர் வியந்தனர், அங்கேயே தங்கிப் படமெடுக்க அழைப்பும் கிடைத்தது. தொழில் தம் தாய்நாட்டிலேயே நிலைக்க வேண்டுமென்று கருதிய அவர் அவ்வழைப்பை ஏற்கவில்லை. அவர் ஊர் திரும்பிய காலத்தில் ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டது. கடன் கொடுத்தவர்கள் கையை மூடிக்கொண்டனர். லோகமான்ய திலகரும், ரத்தன் டாட்டா, மன்மோகன்தாஸ் ராம்ஜி ஆகிய பிரமுகர்களும் பால்கேயின் தொழிலுக்குப் பங்கு மூலதனம் திரட்டி ஒரு கம்பெனியாக அமைக்க முயன்றனர். முயற்சி கைகூடவில்லை. ஆயினும் மாண்டலே சிறையிலிருந்து மீண்டு, தேச விடுதலையன்றி வேறு நினைவற்றிருந்த அத்தலைவர், இச்சிறு தொழிலில் தேசநலன் அடங்கியிருப்பதைக் கண்டாரே, அத்தீர்க்கதரிசனத்தை நாம் போற்றுகிறோம்.

1917-ல் வெளிவந்த 'லங்கா தஹன்' பால்கேயின் புகழைச் சிகரத்தில் ஏற்றியது. சாளுங்கே ஒருவரே ராமனாகவும் சீதையாகவும் தோன்றினார். அநுமன் வானில் பறந்ததையும் லங்கை தீப்பற்றி எரிந்ததையும் கண்ட ஜனங்கள் பரவசமாயினர். ராமன் திரையில் தோன்றியதும் கும்பிட்டு விழுந்தவர்கள் பலர். வசூலான சில்லறைக் காசுகளைச் சாக்குகளில் கட்டி மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்றதாகச் சினிமாச் சரித்திரக்காரர்கள் எழுதுகின்றனர். அவ்வளவு பணத்தைக் கண்டதும் தனவந்தர்கள் தாமே தேடிவந்தனர். 1918 ஜனவரியில் ஹிந்துஸ்தான் சினிமா பிலிம் கம்பெனி பிறந்தது. 'ஸ்ரீ கிருஷ்ண ஜன்ம', 'காளிய மர்தன்' ஆகிய படங்கள் தொடர்ந்தன. பால்கேயின் சிறு மகள் மந்தாகினி கிருஷ்ணனாக நடித்து யாவர் உள்ளத்தையும் கவர்ந்தாள்.

ஆனால் கலைஞனும் கணக்கனும் ஒரே வண்டியில் பூட்டப்பட்டால் வண்டி நெடுந்தூரம் செல்லுவதில்லை. செலவைக் குறைக்கச் சொன்னார்கள் கூட்டாளிகள். தரத்தைக் குறைக்க மறுத்தார் பால்கே. பிறர் கட்டுப்பாட்டுக்கு இசையாத பிடிவாதம் அவரிடம் இருந்ததையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. கம்பெனியை விட்டு நீங்கிக் குடும்பத்தோடு காசிக்குச் சென்றார். அங்கு 'ரங்கபூமி' என்ற மராத்தி நாடகத்தை எழுதினார். சில வருஷங்களுக்குப் பின் அதே கம்பெனிக்குத் திரும்பி வந்து உழைத்தார். எனினும் பழைய உற்சாகம் திரும்பவில்லை.

பால்கே புராணக் கதைகளையே படமாக்கினார், அதனால் தேசத்துக்கு என்ன லாபம் என்று வினவும் நண்பர்கள் இருக்கின்றனர். அவர்களுக்கு நாம் சரித்திரத்தையே விடையாகக் காட்டுகிறோம். 1918-ல் சர்க்கார் சினிமாச் சட்டம் கொண்டுவந்து தணிக்கையை ஏற்படுத்தியது. அரசியல் பேசும் படத்தைத் தடுப்பது அவர்களுக்கு எளிது. புராணத்தை எவ்வாறு தடுப்பது? 1921-ல் பம்பாய் கோஹினூர் கம்பெனியார் 'பக்த விதுர்' என்ற படத்தை எடுத்தனர். அதில் விதுரன் கதர்க் குல்லாயோடு காந்தியடிகளின் சாயலில் தோன்றினான். ஜனங்கள் உட்பொருளை உணர்ந்தனர், சர்க்காரும் உணர்ந்தது, சென்னை மாகாணத்தில் அப்படம் தடைசெய்யப்பட்டது. தமிழ் பேசிய முதற் படமாகிய 1931-ஆம் ஆண்டின் 'காளிதாஸ்', பழங்கதையாயிருந்தும் ராட்டினத்தைப் போற்றும் பாட்டைத் தன்னுள் கொண்டிருந்தது. 1939-ல் வெளியாகிப் பின்னர் தடைக்குள்ளான 'தியாகபூமி'யை நேயர்கள் அறிவார்கள். பால்கே வெட்டிய வாய்க்காலில்தான் இத்தண்ணீர் யாவும் ஓடியது. காந்தியடிகள் சினிமாவில் நன்மை எதையும் காணவில்லை என்பது உண்மையே. ஆயினும் தீரர் சத்தியமூர்த்தி போன்றவர்கள் அதன் சக்தியை உணர்ந்து, நாடகத்திலும் திரையிலும் புகழ்பெற்ற கே. பி. சுந்தராம்பாளைக் காங்கிரஸ் மேடைக்கு அழைத்துவந்ததையும் தமிழ்நாடு கண்டது.

1927-ல் சர்க்கார் ஒரு சினிமா விசாரணைக் கமிட்டியை நியமித்தது. அதற்குத் தலைமை வகித்தவர் நமது சென்னை திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். சாம்ராஜ்யப் படங்களுக்குச் சலுகை தேடும் எண்ணம் அந்நியமனத்தின் பின்னால் இருந்தது; கமிட்டியோ இந்தியத் தொழிலுக்கு ஆதரவு அளிக்கவேண்டுமென்ற முடிவுக்கு வந்தது. அதன் முன் சாட்சியம் கூறியவர்களில் பால்கேயும் ஒருவர். கமிட்டியின் சிபார்சுகளைச் சர்க்கார் கிடப்பில் போட்டது.

1931-ல் படங்கள் பேசத் தொடங்கின. ஊமைப்படத்தின் பிதாவுக்கு அது அஸ்தமன வேளை. அவருடைய 'சேது பந்தன்' ஊமைப்படமாகவே எடுக்கப்பட்டுப் பின்னர் ஒலி சேர்க்கப்பட்டது. கோலாப்பூர்க் கம்பெனிக்காக 1937-ல் அவர் முடித்த 'கங்காவதரண்' ஒன்றே அவர் எடுத்த முழுப் பேசும்படம். அப்பொழுது அவருக்கு வயது 67. அதன்பின் நாசிக்கில் வறுமையும் மறதியும் அவரைச் சூழ்ந்தன. 1930-களின் இறுதியில் பம்பாயில் இந்திய சினிமாவின் வெள்ளிவிழா நடந்தது. அத்தொழிலைப் படைத்தவர் கூட்டத்தில் ஒருவராக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். டைரக்டர் சாந்தாராம் அவரைக் கண்டுகொண்டு மேடைக்கு அழைத்துச் சென்றார். அவர் குடியிருக்க ஒரு வீடு கட்டப் பணம் திரட்டியும் கொடுத்தார். அவ்வீட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்து, 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி பால்கே காலமானார். அவர் காண விரும்பியிருக்கக் கூடிய சுதந்திரம் மூன்றரை வருஷத்துக்குப் பின் வந்தது.

சுதந்திர பாரதம் அவரை மறக்கவில்லை என்று சிலர் சொல்லக்கூடும். 1969-ல் அவர் பெயரால் தேசிய விருது ஏற்பட்டது. 1971-ல் தபால் தலை வெளியாயிற்று. நம் தமிழ்நாட்டுச் சிவாஜி கணேசனும் பாலசந்தரும் ரஜினிகாந்தும் அவ்விருதைப் பெற்றனர். நன்று, விருதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அவர் எடுத்த படங்கள் எங்கே? ஏறத்தாழ நூறு படங்களை எடுத்தார் என்று கணக்கிடப்படுகிறது; இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில. 'ராஜா ஹரிச்சந்திரா'வில் சில பகுதிகளே உள்ளன. அவையும் 1917-ல் அவர் மீண்டும் எடுத்த பிரதியைச் சேர்ந்தவை என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. 1964-ல் புனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் ஏற்பட்ட பின், பி. கே. நாயர் என்ற தொண்டர் நாசிக்குக்குச் சென்று பால்கே குடும்பத்தாரிடமிருந்த சுருள்களைத் தேடி மீட்டதால்தான் இவ்வளவாவது நமக்குக் கிடைத்தது. 2003-ஆம் ஆண்டில் புனாவில் நேர்ந்த தீவிபத்தில் பழைய நைட்ரேட் சுருள்கள் பல சாம்பலாயின.

தமிழ்நாட்டின் நிலை இதைவிட மேலானதன்று. மோட்டார் சாமான் வியாபாரியாக இருந்த நடராஜ முதலியார், 1917-ஐ ஒட்டிச் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'கீசக வதம்' என்ற படத்தை எடுத்தார். தென்னாட்டின் முதற் கதைப்படம் அது. அதில் ஓர் அடி பிலிமும் இன்று இல்லை. 'காளிதாஸ்' படமும் இல்லை. கோயிற் கல்வெட்டைச் சிதைப்பவனை நாம் குற்றவாளி என்கிறோம். ஒரு காலத்து மக்களின் முகத்தையும் நடையையும் உடையையும் அவர்கள் கண்ட கனவையும் தாங்கிய சுருளை மக்கவிட்டவர்களை என்னவென்று சொல்லுவது? அதில் நம் எல்லோருக்கும் பங்குண்டு.

ஆகவே நாம் வேண்டுவது இரண்டு. சினிமாவினால் புகழும் பொருளும் பதவியும் பெற்ற தமிழ்நாட்டில், பழைய படங்களைத் தேடிச் சேகரித்துக் காக்க நிரந்தரமான காப்பகம் ஒன்று அமையவேண்டும். அதற்குச் சர்க்காரும் படமுதலாளிகளும் சேர்ந்து பணம் ஒதுக்கவேண்டும். ஒரு பெரிய படத்துக்கு ஆகும் விளம்பரச் செலவில் ஒரு பங்கு இதற்குப் போதும். இரண்டாவது, முதுமையில் வாடும் கலைஞர்களையும் தொழிலாளர்களையும் உயிரோடிருக்கும்பொழுதே ஆதரிக்கும் வழி காணவேண்டும். பேர் தெரிந்த நடிகரோடு இவ்வாதரவு நின்றுவிடலாகாது. இருட்டறையில் அமர்ந்து துளையிட்ட கைகளுக்கும் அது எட்டவேண்டும்.

பால்கே உத்தியோகத்தை விட்டார், கண்ணொளியைப் பணயம் வைத்தார், மனைவியின் நகையைப் பறிகொடுத்தார். அத்தியாகத்தின் மேல் எழுந்த மாளிகையில் நாம் குடியிருக்கிறோம். அஸ்திவாரக் கற்கள் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. எஞ்சியுள்ளவற்றையேனும் காப்பாற்ற இப்பொழுதே முற்படுவோமாக.